வெளியே நிற்கிற ஆள்

நான் குடிக்க மாட்டேன். கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், ஆற்றுத் திருவிழாவில், எங்கேயும் தொட்டது கிடையாது. இதைக் கடலூரில் யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், என் மனைவியைத் தவிர. அவளைப் பொறுத்தவரை நான் திருந்திய குடிகாரன். திருந்திப் பதினெட்டு வருஷமாகிறது. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்று, ஷிப்ட் முடிந்து வரும் என்னை வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொல்வாள். போலீஸ்காரர்கூட வண்டியில் போகிறவனைத்தான் ஊதச் சொல்வார். நான் நடந்து வந்தாலும் ஊத வேண்டும்.

இந்தப் பட்டத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன், என் மச்சான். நாங்கள் இரண்டு பேரும் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறோம். எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் அது நடந்தது. சாயம் கரைக்கிற திரவம் வைத்திருந்த ஒரு பெரிய இரும்புத் தொட்டியைக் காலி செய்துவிட்டு உள்ளே இறங்கிக் கழுவ வேண்டும். ஆள் நுழைகிற வட்டத் துவாரம் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் இருக்கும். உள்ளே போவதற்கு முன்னால் மீட்டர் வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எங்களிடம் இருந்த மீட்டர் மூக்கு. துவாரத்துக்குள் தலையை நீட்டி ஒரு மோப்பம் பிடிப்போம். நெடி அடித்தால் அங்கேயே சுற்றி வந்து, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மோப்பம். இரண்டாவது மோப்பத்தில் நெடி குறைந்திருந்தால் தொட்டி சுத்தம். மரத்துப்போனது எங்கள் மூக்குதான் என்கிற யோசனை ஒருத்தனுக்கும் வந்ததில்லை.

அன்றைக்கும் அப்படி இரண்டு மோப்பம் பிடித்துவிட்டு வாளியும் துடைப்பமுமாக நான் உள்ளே போனேன். மச்சான் வெளியே நின்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கு ரொம்ப சந்தோஷமாகிவிட்டது. பாட்டுப் பாடினேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நினைவு இருப்பது வெளியே ஜல்லிமேல் மல்லாந்து கிடந்ததுதான். மச்சான் உள்ளே புகுந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கும் ஏறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாந்தி எடுத்தேன். ஃபோர்மேன் வருவதற்குள் எழுந்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் என் மனைவியும் மாமியாரும் நின்றிருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மாமனார் கடலுக்குப் போனவர். ஒரு நாள் படகு மட்டும் கரைக்கு வந்தது. அதிலிருந்து மாமியார் ஒரே பிடியாக நின்றார், பெண்ணைத் தரையில் வேலை செய்கிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று. கம்பெனி வேலை பத்திரமான வேலை, மேலே கூரை, கீழே சிமென்ட் தரை, ஒரு ஆபத்தும் கிடையாது என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர் மச்சான்தான். அந்தப் பத்திரமான வேலையிலிருந்து மூன்றே மாதத்தில் மாப்பிள்ளை நான் கண் சிவந்து, கால் பின்னி, சட்டையெல்லாம் வாந்தியாக வந்து நிற்கிறேன்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் மாமியார்.

மச்சான் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "குடிச்சிட்டோம்மா" என்றார்.

மாமியார் விளக்குமாற்றை எடுத்து மகனை வெளுத்தார். மாப்பிள்ளையை அடிக்க முடியாது என்பதால் எனக்கு மோர் கொடுத்தார். என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் குப்பத்து அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடத்தின்மேல் அடித்து இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். என் வாழ்க்கையில் நான் இத்தனை சுலபமாகக் காப்பாற்றிய சத்தியம் வேறு கிடையாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அடுத்த நாளே வேலையை விடச் சொல்வாள். அப்பாவைப் பறிகொடுத்தவள். எங்கள் பக்கம் குடிகாரனைத் திருத்தப் பார்ப்பார்கள், திருந்தாவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு சோறு போடுவார்கள். ஆனால் ஆளைக் கொல்லுகிற வேலைக்குப் புருஷனை எவளும் டிபன் கட்டி அனுப்ப மாட்டாள். எனவே நான் வாயை மூடிக்கொண்டு, கேட்டபோது மட்டும் திறந்து ஊதினேன். பதினெட்டு வருஷம் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் சௌகரியமாக இருந்தது.

அதைக் கிளறி வெளியே எடுத்தது ஒரு பரிட்சை.

இந்த வருஷம் மானேஜர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர்கள். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனதோடு எங்கள் படிப்பு சரி. மானேஜர் சொன்னார், இனிமேல் சூப்பர்வைசராக இருக்க வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சிதம்பரத்தில் நாலு ஞாயிறு வகுப்பு, ஐந்தாம் ஞாயிறு பரிட்சை. பாஸாகாதவர்கள் மறுபடி மூட்டை தூக்கப் போகலாம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்கு வேட்டியைக்கூட பெல்ட் போட்டால்தான் கட்ட வரும். நாங்கள் மூட்டை தூக்க வேண்டுமாம்.

"மாப்ள, கவலைய வுடு. நாம பாக்காத ஆக்சிடென்டா?" என்றார் மச்சான்.

முதல் ஞாயிறு பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். தெற்கு வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் பயிற்சி நிலையம். வகுப்பு எடுத்தவர் ஒரு மேடம். முப்பது வயது இருக்கும், எங்கள் கம்பெனியில் ஷிப்டுக்கு ஊதுகிற ஹூட்டரைவிடக் கணீர் என்ற குரல். முதல் வேலையாக எங்கள் முப்பது பேரையும் கீழே இறங்கிப் போய், நீங்கள் ஏறி வந்த படிக்கட்டில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். போய்ப் பார்த்தால் படிக்கட்டு முழுக்க ஜவுளிக்கடைப் புடவைப் பெட்டிகள். தீயணைக்கும் சிலிண்டரைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவசர வழி என்று எழுதியிருந்த கதவில் பூட்டு. மச்சான் எழுதினது ஒரே வரி: "படிக்கட்டு நல்லா இருக்குது, விளக்கு மட்டும் இல்லை." மேடம் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார்.

புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து வலிக்கிற தடிமன். தமிழ்ப் புத்தகம்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தில் நுழைந்தால் பி.முட்லூரில் ஏறி, நடுவில் நிறுத்தமே இல்லாமல் ஆலப்பாக்கத்தில்தான் இறங்க முடியும். திரும்பி வருகிற பஸ்ஸில் மச்சான் அதை நெஞ்சுமேல் விரித்து வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். புதுச்சத்திரத்தில் கண்டக்டர் எழுப்பி, "சார், புக்கு கீழ வுழுந்துடப் போவுது" என்றார். "வுழுந்தா வுழட்டும், அது பூட்ஸ் போட்டிருக்கறவன் கால்மேலதான் வுழணும்னு அதுலயே எழுதியிருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

என் நிலைமையைப் பார்த்து மனைவி புத்தகத்தைப் பிடுங்கினாள். அவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். அப்பா கடலோடு போன வருஷம் அது. மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. அந்தக் கோபமெல்லாம் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு வாரத்தில் புத்தகம் முழுக்க மஞ்சள் பூசிய விரல் அடையாளமாக ஆகிவிட்டது. மீன் அரிந்துகொண்டே கேள்வி கேட்பாள். நான் தப்பாகச் சொன்னால் அரிவாள்மணையிலிருந்து தலையை மட்டும் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பயந்து நான் மூன்று அத்தியாயம் மனப்பாடம் செய்தேன்.

படித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டில் அமல்படுத்த ஆரம்பித்தாள். கேஸ் ட்யூப்பில் போட்டிருந்த தேதியைப் பார்த்து, இது எப்போதோ காலாவதி, நம்மளை உயிரோடு வைத்திருப்பது அம்மன்தான் என்று சொல்லி அன்றைக்கே மாற்ற வைத்தாள். பரண்மேல் ஏறி அண்டாவை எடுக்கச் சொன்னாள். நான் நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டேன்.

"எறங்குங்க."

"ஏன்?"

"உயரத்துல வேலை. பர்மிட் எங்க?"

"அண்டா எடுக்க பர்மிட்டா?"

"அஞ்சாவது பாடம் படிச்சீங்களா, இல்லையா?"

ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கம், என்ன வேலை, எவ்வளவு உயரம், என்ன ஆபத்து, யார் ஏணியைப் பிடிப்பது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டு ஏணி வந்தது. அண்டாவை எடுத்துக் கொடுத்தேன். அது ஓட்டை அண்டா. எனக்கு வந்த கோபத்தில் இந்த மேடத்தையும் புத்தகத்தையும் சேர்த்து வெள்ளாற்றில் விடலாமா என்றிருந்தது. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், மூன்றாம் ஞாயிறு மாதிரித் தேர்வில் நான் வகுப்பில் நாலாவதாக வந்தேன்.

அந்த வாரம்தான் ஏழாம் அத்தியாயம் வந்தது.

சாயங்காலம். நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கரைக்கும் திரவங்களின் ஆவியைச் சுவாசித்தவருக்கு என்னென்ன அறிகுறி என்ற பகுதி.

"கண்ணு செவக்கும். தலை சுத்தும். வாய் கொழறும். தள்ளாடி நடப்பாங்க. வாந்தி எடுப்பாங்க. காரணமில்லாம சிரிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "பாக்கறவங்க அவுங்க குடிச்சிருக்காங்கன்னு தப்பா நெனச்சிக்க வாய்ப்பு உண்டு."

நான் இறால் தலையைக் கிள்ளுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

அவள் அதே வரியை மறுபடி படித்தாள், இந்த முறை சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"அன்னைக்கு உங்கமேல சாராய நாத்தம் அடிக்கல."

"என்னைக்கு?"

"பெயின்ட் நாத்தம் அடிச்சிது. நான் அண்ணன்கிட்ட கேட்டேன், இன்னாண்ணா பெயின்ட் மாரி அடிக்குதுன்னு. அது ஃபாரின் சரக்கு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிச்சு."

இதை மச்சான் என்னிடம் சொன்னதேயில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது என்பார்களே, நானோ சிதம்பரத்திலிருந்து புத்தகம் சுமந்து வந்து கிளப்பியிருக்கிறேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பதினோராம் அத்தியாயத்துக்குப் போனாள். விபத்து விசாரணை செய்யும் முறை.

மறுநாள் ஞாயிறு இல்லை, எங்கள் வார ஓய்வு நாள். "வஞ்சரம் வறுக்கறேன், வாண்ணா" என்று அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் மீதியை எடுத்துப் போகத் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். வந்தவரை ஹாலில் உட்கார வைத்து, என்னை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒரு சாட்சி சொல்வது இன்னொரு சாட்சியின் காதில் விழக்கூடாதாம், புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஹாலில் கொட்டாவி விட்டால் அடுப்படியில் கேட்கும். அதற்காக மிக்சியில் ஒன்றும் போடாமல் ஓடவிட்டு, என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்தாள். நான் மிக்சியை நிறுத்தியதும், "ஓடட்டும்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

பிறகு உள்ளே வந்து என்னை விசாரித்தாள். ஏன் என்ற கேள்வியை ஐந்து தடவை கேட்டால் விபத்தின் வேர் கிடைக்கும் என்று அந்த அத்தியாயத்தில் போட்டிருக்கிறது. போட்டவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

"ஏன் மயக்கம் வந்துச்சு?"

"உள்ள ஆவி இருந்துச்சு."

"ஆவி இருக்கற எடத்துக்குள்ள ஏன் போனீங்க?"

"இல்லன்னு நெனச்சேன்."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

"மோந்து பாத்தேன்."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "ஏன் மீட்டர் வெச்சுப் பாக்கல?"

"மூக்கு இருந்துச்சே."

ஐந்தாவது ஏனை அவள் கேட்கவில்லை. அதை வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தாள். அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"உள்ள ஒரு ஆள் வேலை செஞ்சா, வெளிய ஒரு ஆள் நிக்கணும். உள்ள இருக்கறவரப் பாத்துக்கிட்டே, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். எதுக்காகவும் அந்த எடத்த வுட்டு நகரக் கூடாது. எட்டாவது பாடம். அன்னைக்கு வெளிய நின்ன ஆள் யாரு?"

"நான்தான்" என்றார் மச்சான்.

"நின்னியா?"

"நின்னேன்னுதான் வெச்சுக்கயேன்."

"அண்ணா."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். அன்றைக்கு நழுவ இடமில்லை. தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். "கேட்டுக்கு வெளிய இருக்கற டீக்கட வரைக்கும் போனேன். ஒரு டீ. சீக்கிரம் வந்துடலாம்னுதான் போனேன். பஜ்ஜி அப்பதான் எண்ணெயிலேர்ந்து எடுத்துப் போட்டான்."

எனக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறியது. பதினெட்டு வருஷம்! உயிரைக் காப்பாற்றியவர் என்று இந்த மனிதருக்கு எத்தனை மீன் தலை கொடுத்திருக்கிறேன். குழம்பில் எது பெரிய துண்டோ அது அவருக்கு. தீபாவளிக்கு எனக்கு எடுத்த சட்டை அவருக்குப் பிடித்தால் அவருக்கு. குடும்பத்தில் எந்தச் சண்டை வந்தாலும், நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், நான் அவர் பக்கம். குடித்தோம் என்று அவர் சொன்ன பொய்கூட எனக்காகச் சொன்ன பொய் என்று உருகியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் நான் உள்ளே செத்துக்கொண்டிருந்தபோது இவர் வெளியே சட்னி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பஜ்ஜி சூடா இருந்துச்சா மச்சான்?" என்றேன்.

"வாழக்கா பஜ்ஜி. பாதிதான் தின்னேன்" என்றார், அது ஏதோ தனக்குச் சாதகமான சாட்சியம் போல.

நான் பாயப் போனேன். என் மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். விசாரணை என்பது யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதற்கு என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஐந்தாவது ஏனைக் கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைக்குப் போவ வுட மாட்ட."

"ஆமா. வுட்டிருக்க மாட்டேன்."

மிக்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"நீங்க குடிப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டு நான் எவ்ளோ நிம்மதியா இருந்தேன் தெரியுமா?" என்றாள். "வாய மோந்து பாத்தாப் போதும், எம்புருஷன் பத்திரமா இருக்காருன்னு இருந்தேன். எங்கப்பாவுக்கு அப்படி ஒண்ணும் செய்ய முடியல. ஒங்களுக்குச் செய்யறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். தெனம் தப்பான எடத்துல பாத்துக்கிட்டிருந்திருக்கேன்."

அவள் அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொன்னதற்கு இல்லை. அந்தப் பொய்யில் நான் ரொம்ப சாமர்த்தியமாக வாழ்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். இரண்டு பேரும் பரிட்சை எழுத வேண்டும். பாஸானால் வேலைக்குப் போகலாம். ஃபெயிலானால் மூட்டை தூக்கவும் வேண்டாம், கம்பெனிப் பக்கமே போக வேண்டாம், மானேஜர் வைத்துக்கொண்டாலும் இவள் விட மாட்டாள். இந்தப் புத்தகம் மண்டையில் ஏறாத ஆள் அந்தக் கேட்டுக்குள் நுழையக் கூடாது.

"எனக்குமா?" என்றார் மச்சான்.

"உனக்குத்தான் முக்கியமா."

அடுத்த பத்து நாள் மச்சானும் எங்கள் வீட்டுக்கு வந்து படித்தார். டீ கேட்டால் கிடைக்கவில்லை. மனிதர் நிஜமாகவே படித்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் வேலையை விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது, கடலும் பழக்கமில்லை. எட்டாம் அத்தியாயத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

பரிட்சை அன்று காலையிலேயே சிதம்பரம் போய்விட்டோம். இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டோம். அதாவது நான் சாப்பிட்டேன், மச்சான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபுரத்தைப் பார்த்து வெளியிலிருந்தே கும்பிட்டார். எழுத்துப் பரிட்சை சுலபமாகத்தான் இருந்தது. எல்லாம் மீன் அரியும்போது கேட்ட கேள்விகள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு நேரில் கேள்வி கேட்டார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் கேட்டார். மெலிந்த ஆள், அமைதியான குரல்.

"தொட்டிக்குள்ள உங்க ஆள் ஒருத்தர் மயங்கிட்டார். நீங்க வெளிய நிக்கறீங்க. என்ன செய்வீங்க?"

"உள்ள போக மாட்டேன் சார். அலாரம் அடிப்பேன். மூச்சுக் கருவி போட்ட மீட்புக்காரங்களக் கூப்பிடுவேன். இடுப்புல கயிறு கட்டியிருந்தா வெளியிலேர்ந்தே இழுப்பேன்."

"சரி. கயிறு கட்டல. உள்ள கிடக்கறது உங்க சொந்தக்காரர். உங்க கண்ணு முன்னாடி அசையாம கிடக்கார். இப்ப?"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. "காப்பாத்தப் போனவங்க எத்தனையோ பேர் அங்கயே விழுந்திருக்காங்க" என்றார். "அதனாலதான் இந்தக் கேள்வியைக் கேட்கறேன். சொல்லுங்க."

"போக மாட்டேன் சார்" என்றேன்.

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன். பெஞ்சில் அடுத்த ஆளாக மச்சான் உட்கார்ந்திருந்தார், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு. "கஷ்டமாடா மாப்ள?" என்றார். பேசக் கூடாது என்று மேடம் விரலைக் காட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிவிட்டேன்.

சாயங்காலம் முடிவை ஒட்டினார்கள். நான் பாஸ். மச்சான் எழுத்தில் என்னைவிட இரண்டு மார்க் அதிகம். நேர்முகத்தில் ஃபெயில். ஒரு மாதம் கழித்து நேர்முகம் மட்டும் மறுபடி வரலாம் என்று மேடம் சொன்னார்.

பஸ் பி.முட்லூர் தாண்டினதும் கேட்டேன்.

"இன்னா கேட்டாரு மச்சான்?"

"உள்ள ஒங்க மாப்ள கெடக்கறாரு, இன்னா பண்ணுவீங்கன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"போயிடுவேன்னேன்."

"பதிலு தெரியும்ல ஒனக்கு? எத்தினி தடவ சொன்னா அவ!"

"தெரியாம என்னா? எழுதறப்போ கரெக்டாத்தான் எழுதனேன். இவுரு ரெண்டாந்தடவயும் கேட்டாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு."

"யோசிக்கறதுதான?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு யோசிச்சிருந்தன்னா நீ இந்த பஸ்ல ஒக்காந்திருக்க மாட்டடா."

பஜ்ஜிக்காக அவரைக் கொல்ல வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆலப்பாக்கத்தில் அவரே கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று. போக மாட்டேன்னு சொன்னேன் என்றேன். "சரிதான்" என்று தலையாட்டினார். "அதுதான் கரெக்டு." கிண்டலே இல்லாமல் சொன்னார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வரும் ஞாயிறு அவருக்கு மறு நேர்முகம். அதுவரைக்கும் என் மனைவி தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறாள். இந்த முறையும் விட்டால் சூப்பர்வைசர் வேலை மானேஜரால் போகும், கம்பெனி வேலையே தங்கச்சியால் போகும். தினமும் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டு ஹாலில் சம்மணமிட்டு உட்காருகிறார். என் மனைவி எதிரே உட்கார்ந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்கிறாள். உள்ளே கிடப்பது யாரோ ஒருவர் என்றால் ஒழுங்காகச் சொல்கிறார்: போக மாட்டேன், அலாரம், மீட்புக்காரர்கள், எல்லாம் சுத்தமாக. ஃபோர்மேன் என்றாலும் சொல்கிறார். மானேஜர் என்றால் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுகிறார்.

நேற்றும் கேட்டாள். "உள்ள கெடக்கறது ஒன் மாப்ள."

"போயிடுவேன்."

"தப்பு. நீயும் வுழுந்துட்டா அப்பறம் எனக்கு யாரு இருக்கா? திரும்பச் சொல்லு. உள்ள கெடக்கறது ஒன் மாப்ள."

மச்சான் தரையைப் பார்த்தார். "போயிடுவேன்" என்றார்.

"தப்பு" என்றாள். இப்படியே கேட்டுக் கேட்டு ஐந்தாம் தடவை தப்பு என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்து கத்தினேன். "யோவ் மச்சான், போவ மாட்டேன்னு ஒரு தடவ சொல்லித் தொலையேன்யா! வேலை போயிடும்!"

"நீ சும்மா இருடா" என்றார். "ஒனக்கு இன்னா, நீதான் பாஸாயிட்டியே."